ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

சத்தியமாகச் சொல்கிறேன், கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் வைத்தாலும் இதையேதான் சொல்வேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஒரு எழுத்து பொய்யென்றாலும் இந்த நாற்காலி என்னையும் தூக்கிக்கொண்டு தரைக்குள் இறங்கட்டும். இறங்கவில்லை, பார்த்தீர்களா. நாற்காலி உறுதியாகத்தான் இருக்கிறது, நான்தான் அதில் இருப்புக்கொள்ளாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருக்கிறேன். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பகல் பதினொன்றரை மணி, பினாயில் வாசனையடிக்கிற நீளமான தாழ்வாரம். என் கால்மாட்டில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, ரோடு போடுகிறபோது வைப்பார்களே அதே கூம்பு, அந்தக் கோடியில் இன்னொன்று. நடுவில் முப்பது மீட்டர். என் மகள் சுகந்தி, நாற்பத்தொரு வயது, கோவில்பட்டியில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்கிறவள், இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்குமாக ஆறு நிமிஷம் நடக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. ஓடக் கூடாது, முடிந்த மட்டும் வேகமாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாயலாம், ஸ்டாப் வாட்ச் மட்டும் நிற்காது. பிசியோதெரபிக்காரர் வாட்ச்சை அமுக்கி ஆரம்பிக்கச் சொன்னார். சுகந்தி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய கைப்பை என் மடியில் இருக்கிறது. ஆறு நிமிஷத்துக்குள் நான் ஒன்று சொல்ல வேண்டும், அல்லது சாகிறவரைக்கும் சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் என்னால் முடியாது. சொல்லாமல் இருப்பது என் வாய்க்கு முடியாது, உண்மையைச் சொல்வது அதைவிட முடியாது.

ஆறு நிமிஷம் முடிந்ததும் அவளை அந்த நீலக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போவார்கள். தொடையை மரத்துப்போகச் செய்து பட்டாணி அளவுக்குச் சதை எடுப்பார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இந்தப் பைக்குள்தான் நாலாக மடிந்து கிடக்கிறது, பையின் ஜிப்பை நான் திறந்து மூடி, திறந்து மூடி. பட்டாணி அளவுதானே என்கிறார்கள். யாருடைய தொடையிலிருந்து எடுக்கிற பட்டாணி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, இருதயம், அதை இப்போது நினைக்க வேண்டாம், அவள் அந்தக் கூம்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். திரும்புகிறபோது மோவாயைத் தூக்கினாள். தூக்கினாளா? தூக்கினாள். காலையில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸின் போர்டைப் படிக்கிறதற்கும் அப்படித்தான் தூக்கினாள், தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி. அப்போதிலிருந்துதான் எனக்கு இந்த நிலைகொள்ளாமை. அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நான் ஒரு தடவை மைக் வயரைக் கடித்து மின்னலை நிறுத்தின கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த மோவாய் என்னுடையது. கண் இமை சரிந்துவிட்டவன் உலகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மோவாயைத் தூக்கியாக வேண்டும். முப்பது வயதுக்கு முன்னாலிருந்தே நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஊரில் அதற்குத் திமிர் என்று பேர் வைத்தார்கள். குருவையாவுக்குத் திமிர், வானத்தைப் பார்த்துத்தான் நடப்பான் என்றார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. இயலாதவன் என்று சொல்வதற்குத் திமிர் பிடித்தவன் என்று சொல்லட்டும்.

ஒரு நிமிஷம் ஆச்சு, நல்லா பண்றீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு என்கிறார் பிசியோதெரபிக்காரர். மனப்பாடம் செய்த குரல். மைக் பிடித்தவன் நான், எனக்குத் தெரியாதா, அந்தக் குரலில் உயிரே இல்லை. நான் அந்தக் காலத்தில் சொல்வேன், பெரியோர்களே தாய்மார்களே, இதோ உங்கள் கண்முன்னால், கால் தரையில் படாமல், நூற்றுப் பன்னிரண்டாவது மணி நேரம் என்று. அந்தக் குரலுக்குப் பருத்தி மார்க்கெட் மைதானமே எழுந்து நிற்கும். நான்ஸ்டாப் சைக்கிள். இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. ஏழு நாள், ராத்திரி பகல், ஒரு மனுஷன் சைக்கிளை விட்டு இறங்காமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். சாப்பாடு சைக்கிளில், குளியல் சைக்கிளில், முகச்சவரம்கூட சைக்கிளில், கண்ணாடியை ஒருத்தன் கூடவே ஓடிப் பிடித்துக்கொண்டு வருவான். ஏழு நாள். இந்த ஏழு நாள்தான் எனக்கு வினையாக வந்து நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், இதே மாடியில், டாக்டர் ரெஹானாவின் அறையில், என் வாயிலிருந்து தானாக விழுந்தது. அவர் பரம்பரையாக வருகிற வியாதிகளைப் பார்க்கிறவர், சின்னப் பெண்தான், முக்காடு போட்ட முகத்தில் எப்போதும் ஒரு கவனம். பேசுகிறவரின் உதட்டையே பார்த்துக் கேட்பார். இப்படிக் கேட்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பொய் பொங்கிவிடும், என்ன செய்வது.

அவர்தான் விளக்கினார். உடம்பில் எத்தனையோ கோடி செல் இருக்கிறதாம், ஒவ்வொன்றுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்னச் சமையல்கட்டு. நாம் ஓடவும் ஆடவும் தேவையான சக்தி அங்கேதான் வேகிறது. வெந்தால் போதுமா, பந்திக்கு எடுத்து வர ஒரு ஆள் வேண்டும். நிறைந்த பாத்திரத்தை வெளியே கொண்டுவருவதும் காலிப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோவதும் ஒரே ஆள், அவன் வாசலிலேயே நிற்கிறான். சதைக்கும் இருதயத்துக்கும் என்றே அந்த ஆளை உண்டாக்குகிற ஜீன் ஒன்று தனியாக இருக்கிறது. அதன் பேர் எஸ்.எல்.சி. இருபத்தைந்து ஏ நான்கு. ஜீன் என்பது எழுத்து எழுத்தாக எழுதின ஒரு குறிப்பு மாதிரி, அதில் சுகந்திக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே பெயில் டாக்டரம்மா, இப்ப எஸ்.எல்.சி.யும் பெயிலா என்றேன். ரெஹானா சிரித்துவிட்டார். சுகந்தி சிரிக்கவில்லை, அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து மாறியது நிஜம், ஆனால் அதுதான் இவள் கால் ஓய்வதற்குக் காரணமா, இல்லை யார் வீட்டிலும் இருக்கிற சும்மா ஒரு எழுத்துப் பிழையா என்று இன்னும் தெளிவாகவில்லையாம். அதற்காக என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கும் அதே எழுத்து மாறியிருந்தது. அப்போதுதான் கேட்டார், ஐயா, வாலிபத்துல உங்களுக்கு எப்படி, சீக்கிரம் களைச்சுப் போவீங்களா, படியேற முடியுமா என்று. நான் மோவாயைத் தூக்கிக்கொண்டு சொன்னேன், ஏழு நாள் நான்ஸ்டாப் சைக்கிள் விட்டவன் அம்மா நான் என்று. அவர் பேனாவை எடுத்து எழுதினார். நாற்பது வருஷமாக ஊருக்கே சொன்ன பொய்யை ஒருத்தர் இங்கிலீஷில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெருமையாகக்கூட இருந்தது, சத்தியம்.

ஓட்டியது என் அண்ணன் ஆவுடையப்பன். நான் மைக்கில் இருந்தேன். அவ்வளவுதான் உண்மை, ஒரு வரி. சொல்லிவிட்டேன், ஆனால் மனசுக்குள்தானே, இது கணக்கில் வராது. அண்ணனுக்குக் கால் இரும்பு. எனக்கு மைதானத்தைச் சும்மா ஒரு சுற்று நடந்தாலே தொடையில் ஈர மண்ணை அள்ளி அப்பின மாதிரி ஆகிவிடும், ஆறாவது நாள் ஒரே ஒரு போட்டோவுக்காகத்தான் நான் சைக்கிளில் ஏறினேன், வேறொரு சைக்கிள், ஸ்டாண்டு போட்டு, கழுத்தில் அண்ணனுடைய மாலை. அண்ணன் சூரத் மில்லுக்குப் போய் அங்கேயே செத்தும் போனான். மாலையோடு போட்டோவில் மிஞ்சினது நான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை ஏன் மேலே பார்க்கிறார் என்று பேச்சு வந்தபோது தரகர்தான் ஆரம்பித்தார், ஏழு நாள் சைக்கிள் சுத்தின ஆளுல்லா, கொஞ்சம் நிமிர்ந்துதான் இருப்பாரு என்று. நான் மறுக்கவில்லை. மறுக்காததுதான் என் முதல் பொய், வாயைத் திறக்காமலே சொன்னது. இரண்டு நிமிஷம் ஆச்சு, நல்லா பண்றீங்க. எங்கே நல்லா பண்ணுகிறாள், அவள் இடது காலைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்து வைக்கிறாள், செருப்புச் சத்தம் ஒன்றுவிட்டு ஒன்று சர் என்று வருகிறது. டப், சர், டப், சர். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். கல்யாணமான நாலாம் நாள் கழுகுமலையில் என் செருப்பு அப்படித்தான் சத்தம் போட்டது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் இரண்டு படி மேலே நின்று திரும்பிப் பார்த்தாள், புதுப் பெண்டாட்டி, கையில் அர்ச்சனைத் தட்டு. சைக்கிள்காரன் காலுக்கு வட்டமாகப் போகத்தான் தெரியும், மேலே போகத் தெரியாது என்றேன். அவள் தட்டை என்னிடம் கொடுத்து இதையாவது பிடிங்க என்றாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் சைக்கிள் பேச்சை அவள் எடுக்கவில்லை. தெரிந்துவிட்டது அவளுக்கு. நாலாம் நாளே தெரிந்துவிட்டது, முப்பத்தாறு வருஷம் வைத்துக் காப்பாற்றினாள், போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

சுகந்திக்கு எட்டு வயதிருக்கும்போது போட்டோவைப் பார்த்துக் கேட்டாள், அப்பா, சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருக்கே, பின் சக்கரம் தரையில படலையே. அந்தக் கண் அப்போது நன்றாகத் திறந்திருந்தது. நான் அசரவில்லை. ஏழு நாள் முடிஞ்ச பிறகும் அப்பா கால் நிக்க மாட்டேன்னுடுச்சு தாயி, நாலு பேர் சேர்ந்து பிடிச்சும் நிக்கலை, அதனால ஸ்டாண்டைப் போட்டு விட்டுட்டாங்க, ரெண்டு மணி நேரம் சக்கரம் அந்தரத்தில சுத்துச்சு, வந்த காத்துல மைதானத்துத் தூசியெல்லாம் எட்டயபுரம் போய் விழுந்துச்சு என்றேன். நம்பினாள். அவ்வளவு அழகான பொய்யை நான் அதற்குப் பிறகு கட்டவில்லை. ரெஹானா அந்த வாசலில் நிற்கிற ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் போட்டோதான் ஞாபகம் வந்தது. உள்ளே வேகிறது, வெந்துகொண்டே இருக்கிறது, வெளியே வந்து சேரவில்லை. மிதிக்கிறான், மிதித்துக்கொண்டே இருக்கிறான், சக்கரமும் சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை. ஸ்டாண்டு போட்டிருக்கிறது. என் உடம்பில் எழுபத்தாறு வருஷமாக ஸ்டாண்டு போட்டிருக்கிறது. அவளுக்கும் போட்டு விட்டிருக்கிறேன், பிறக்கும்போதே, கையால் தள்ளிக்கூட அல்ல, ரத்தத்தில், ஒரு எழுத்தாக.

மூன்று நிமிஷம் ஆச்சு. பாதி போய்விட்டது. பாதி இருக்கிறது என்றும் சொல்லலாம், மைக்கில் நான் அப்படித்தான் சொல்வேன், ஜனம் கலையாமல் இருக்க. ரெஹானா ஒரு படம் போட்டார், ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்கு மேலே ஒரு கோடு, வியாதி உள்ளவர்களின் கட்டத்தைக் கறுப்பாக்குவார்களாம். என் வம்சத்தில் ஒரு கட்டமும் கறுப்பில்லை. எப்படி இருக்கும், சொன்னவன் நான். என் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். காளையை அடக்கும்போது, கொம்பு இரண்டும் கையோடு வந்துவிட்டது, அந்த அதிர்ச்சியில் காளையும் இவரும் சேர்ந்தே விழுந்தார்கள் என்றேன். விபத்து என்று எழுதிக்கொண்டார். காளையாவது ஒன்றாவது. அவர் ஐம்பத்திரண்டு வயதில் பலசரக்குக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர், அப்படியே பக்கத்தில் சரிந்தார். மோவாய் தூக்கியிருந்தது. இமை பாதி மூடியிருந்தது, அது எப்போதும் பாதி மூடினதுதான், அதனால் அவர் செத்தது கடைக்காரருக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. இருதயம் என்றார்கள். இருதயம். இதைத்தான் நினைக்க வேண்டாம் என்றேன். இந்த எழுத்துதான் குற்றவாளி என்றால் இருதயத்தை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது சத்தமில்லாமல் தடித்துப்போகும் என்று ரெஹானா சொன்னார். குற்றவாளி இல்லையென்றால் அந்தப் பயம் வேண்டாம். என்னைக் காட்டித்தான் சொன்னார். ஐயாவுக்கும் இதே எழுத்துதான், ஏழு நாள் சைக்கிள் விட்டிருக்கிறார், எழுபத்தாறு வயதிலும் திடமாக இருக்கிறார், அதனால் இந்த எழுத்து ஒன்றும் செய்யாது என்று வைத்துக்கொண்டு வேறே தேடுவோம், சதையெடுத்துப் பார்ப்போம், அம்மா வழியையும் விசாரிப்போம். எல்லாரும் பேச்சியம்மாள் வழியைப் பேச ஆரம்பித்தார்கள். அவளுடைய அத்தை ஒருத்தி நொண்டுவாளே என்று சுகந்தியே சொன்னாள். அந்த அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து நொண்டினவள். எனக்குத் தெரியும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் ரெஹானா அன்றைக்கு, கண்ணைப் பார்க்க. ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகிறது, வெளிச்சம் ஆகாது என்றேன். ஆகி ஆறு வருஷம். கண்புரை முகாமில் இலவசமாகக் கொடுத்த கண்ணாடியை நான் கழற்றவே இல்லை. அதற்கு முன்னால் கூலிங் கிளாஸ், அதற்கும் முன்னால் கதை. இமை ஏன் தொங்குகிறது என்று கேட்கிறவர்களுக்கு, ஏழு நாள் தூங்காத தூக்கமெல்லாம் இமையில் வந்து குடியேறிவிட்டது, காலி பண்ண மாட்டேன் என்கிறது என்பேன். பாருங்கள், வியாதியையே பொய்க்குச் சாட்சி ஆக்கினவன் நான். இப்போது பொய் வந்து வியாதிக்கு ஜாமீன் கொடுத்து வெளியே விட்டிருக்கிறது. அது சுகந்தியின் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறதா? யாருக்குத் தெரியும். டப், சர். டப், சர். இந்தக் கூம்புக்கு வருகிறாள், என்னைப் பார்க்காமல் திரும்புகிறாள், கழுத்தில் வேர்வை, மேலுதட்டில் வேர்வை. சின்ன வயதில் இப்படியேதான் வேர்க்கும். பள்ளிக்கூட விளையாட்டு விழா. ஆறாவது படித்தாள். மைக் செட் நம்முடையது, குருவையா சவுண்ட் சர்வீஸ், ஓட்டப்பந்தயத்துக்கு வர்ணனையும் நான்தான். பாதியில் அவள் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு. மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றி விலகி ஓடினார்கள். நான் மைக்கில் சொன்னேன். ஏன் சொன்னேன். மைக் கையில் இருந்தது, சனம் இருந்தது, அதனால் சொன்னேன். ஏழு நாள் சைக்கிள் விட்டவன் மகள் எழுபது அடியில உட்கார்ந்துட்டா, யாராவது ஒரு சோடா கொண்டாங்க என்று. மைதானமே சிரித்தது. ஹெட்மாஸ்டர்கூடச் சிரித்தார். அவள் தலையைத் தூக்கி ஒலிபெருக்கிக் குழாயைப் பார்த்தாள், என்னை அல்ல, குழாயை. அப்பா அந்தக் குழாய்க்குள் இருக்கிறார் என்று நினைத்த மாதிரி. எனக்குத் தெரிந்திருந்தது, அந்தத் தொடையில் ஈர மண் எப்படிக் கனக்கும் என்று அந்த மைதானத்திலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் சோடா கேட்டேன். அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. சோம்பேறி என்று வீட்டிலும் பேர் வாங்கினாள், கட்டிக்கொண்டு போன இடத்திலும் வாங்கினாள். நானும் என் பங்குக்குச் சொல்வேன், அப்பன் பேரைக் கெடுக்கிறதுக்குன்னே பிறந்திருக்கே என்று. எந்தப் பேரை.

சர் சத்தம் நின்றுவிட்டது. தாழ்வாரத்தின் நடுவில், சிவப்புத் தீயணைப்புக் குழல் மாட்டியிருக்கிற இடத்தில், அவள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். கண்ணை மூடியிருக்கிறாளா, இல்லை, அந்த இமை தானாக வந்திருக்கிறது, மோவாய் மேலே போயிருக்கிறது, பலசரக்குக் கடை பெஞ்சு. பிசியோதெரபிக்காரர் நாலு நிமிஷம் ஆச்சு என்கிறார், முடிஞ்சா தொடங்குங்க என்கிறார், வாட்ச் ஓடுகிறது. நான் எழுந்திருக்கிறேன். கைப்பை தரையில் விழுந்தது. எழுந்திருப்பதற்கே எனக்கு இரண்டு கை வேண்டும், நாற்காலிக் கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, என்னையே நான் ஏணிபோல ஏறி. இதைக்கூட ரெஹானா பார்த்ததில்லை, அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் நான் முன்னாடியே எழுந்து நின்றுகொள்வேன், மரியாதை போல. நீலக் கதவு திறக்கிறது. ரெஹானாதான், கையில் எங்கள் கோப்பு. இப்போது என்ன சொல்வேன். ஒரு சிறுத்தை வந்து என்று ஒரு கதையை ஆரம்பித்தால் வாய் தானாக ஓடும். உண்மைக்கு ஆரம்பமே தெரியவில்லை. உண்மையை எந்தக் குரலில் சொல்வார்கள்? மைக் குரலில் சொல்ல முடியாது. எனக்கு வேறு குரல் இருக்கிறதா?

"டாக்டரம்மா," என்கிறேன், "அந்த சைக்கிளை அடிச்சிருங்க."

அவருக்குப் புரியவில்லை. எந்த சைக்கிள் ஐயா என்கிறார். கோப்பில் எழுதின சைக்கிள் என்கிறேன். அதை ஓட்டினது என் அண்ணன். நான் மைக்கில் இருந்தேன். காளையையும் அடித்துவிடுங்கள், என் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தே செத்தார். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை, வயர் அறுந்த மைக் மாதிரி வெறும் உதடு. பிறகு கண்ணாடியைக் கழற்றினேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெளியில் கழற்றுகிறேன், வெளிச்சம் ஒன்றும் செய்யவில்லை, மோவாயை மட்டும் இறக்கினேன், உலகம் பாதியாகிவிட்டது. ரெஹானா கிட்டே வந்தார். தலையைத் திருப்பாம என் விரலை மட்டும் பாருங்க ஐயா என்று ஒரு விரலை வலப்பக்கம் கொண்டுபோனார். விரல் போன இடத்துக்கு என் கண் போகவில்லை. இடப்பக்கமும் போகவில்லை. நான் முழுத் தலையையும் திருப்பித்தான் யாரையும் பார்ப்பேன், அதையும் ஊரில் மிடுக்கு என்றார்கள். அவர் கோப்பைத் திறந்தார், என் கட்டத்தைத் தேடினார், பேனாவால் அதைக் கறுப்பாக்க ஆரம்பித்தார். சின்னக் கட்டம்தான், நிரப்ப நேரமாயிற்று. பிறகு என் அப்பாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இன்னைக்குச் சதை எடுக்க வேண்டியதில்லை, முதல்ல இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துடுவோம், ரெண்டு பேருக்கும் என்றார்.

சுகந்தி பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எவ்வளவு கேட்டாள்? முகத்தைப் பார்த்தால் எல்லாம். மூச்சு இன்னும் மேலும் கீழுமாக இருக்கிறது, தரையில் கிடந்த கைப்பையை எடுக்கக் குனிகிறாள், குனிந்து நிமிர அவளுக்கும் சுவர் வேண்டியிருக்கிறது. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போட்டால் நன்றாக இருக்கும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா வழின்னு சொன்னாங்களேப்பா. அப்பக்கூட சும்மாத்தான இருந்தீக."

அவள் என் இமையையே பார்த்தாள், ரொம்ப நேரம், கண்ணாடியில் தன்னைப் பார்க்கிற மாதிரி. பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, ஸ்டாண்டு போட்டுத்தான் இருந்துச்சு என்றாள். அவ்வளவுதான். எட்டு வயதில் சரியாகப் பார்த்துவிட்டோம் என்கிற ஒரு சின்னத் திருப்தி அதில் இருந்ததா, நான் அப்படி எடுத்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

ரெஹானா, ஐயா உங்களையும் ஆறு நிமிஷம் நடக்க வைத்துப் பார்க்கலாமா என்கிறார். இப்போதேயா? இப்போதே. ஸ்டாப் வாட்ச் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. என் நாற்காலியில் சுகந்தி உட்கார்ந்துவிட்டாள், மடியில் பை, நான் உட்கார்ந்திருந்த மாதிரியே. நான் கூம்புக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டலாமா என்று கேட்டேன், கட்டிக்கோங்க என்றார்கள். பெரியோர்களே தாய்மார்களே. நடக்கிறேன். டப். தாழ்வாரம் இங்கிருந்து பார்த்தால் இவ்வளவு நீளமா, நாற்காலியிலிருந்து பார்க்கும்போது இல்லையே. டப், சர். இதோ வந்துவிட்டது அந்தச் சத்தம், சொந்தச் சத்தம், மறைத்து மறைத்து வைத்திருந்தது. அந்தக் கூம்பு. தொட்டுத் திரும்பு. அண்ணன் எப்படிச் சுற்றினான், ஏழு நாள், மகராசன், அவன் பேரை நான் ஒரு தடவையாவது எங்கேயாவது சொல்லியிருக்கலாம். வேகமாப் போக வேண்டாம் ஐயா. வேகமா? யார், நானா? ஈர மண் ஏறுகிறது, முதலில் முழங்காலுக்கு மேலே, பிறகு இடுப்புக்கு. ஒரு நிமிஷம் ஆச்சு, நல்லா பண்றீங்க. சமையல்கட்டில் வேகிறது, வாசலில் ஆள் இல்லை, பந்தியில் நான் ஒருத்தன் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கூம்பு. சுகந்தியின் செருப்பு. திரும்பு. மூச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் விடவில்லை. மறுபடி அந்தக் கூம்பு. திரும்பு. எழுபது அடி இருக்குமா இது. தீயணைப்புக் குழல். இங்கேதான் நின்றாள். சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன். சாயலாம், சட்டத்தில் இருக்கிறது. தலை தானாகப் பின்னால் போய், மோவாய் தானாக ஏறி, இமைக்குக் கீழே ஒரு கீற்று அளவுக்குத் தாழ்வாரம் தெரிகிறது, அதன் கோடியில் நாற்காலி, நாற்காலியில் என் மகள், அவளும் மோவாயைத் தூக்கித்தான் என்னைப் பார்க்கிறாள். வாட்ச் மட்டும் ஓடுகிறது. அப்போது அவள் பிசியோதெரபிக்காரரிடம், குரலை உயர்த்தாமல், ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அது என் குரல்தான், மைக் இல்லாமலே கேட்கிற குரல், அது எப்போது அவளிடம் போனது, சொன்னாள்:

"யாராவது ஒரு சோடா கொண்டாங்க."

பிசியோதெரபிக்காரர் ஒன்றும் புரியாமல் டாக்டரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் சதை வேண்டும் போலிருக்கிறது, வயிறு குலுங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இந்தக் கீற்றுக்குள் எனக்குத் தெரியவில்லை, கிட்டே போனால் தெரியும். கிட்டே போக இன்னும் பதினைந்து மீட்டர் இருக்கிறது. சுவரை விட்டுக் கையை எடுக்கிறேன். டப். சர். நடக்கிறேன் சாமிகளா, நடந்துகொண்டேதான் சொல்கிறேன், மூச்சு இவ்வளவுதான் இருக்கிறது, அதனால் ஒன்றே ஒன்று. கோவில்பட்டிப் பக்கம் போனால், பருத்தி மார்க்கெட் மைதானத்தில் ஏழு நாள் சைக்கிள் விட்டது ஆவுடையப்பன் என்று தாராளமாகச் சொல்லுங்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் சொல்லிராதீக.